கிட்டாரில் யார் கையெழுத்து?



முதல் வருஷம் ட்ராயிங் ஹாலில் நமக்கு முதன்முதலாகச் சொல்லித் தந்தது என்ன? வட்டம் போடவா, எலிப்ஸ் போடவா? ரெண்டும் கிடையாது. ஷீட்டை போர்டில் குத்தி, மார்ஜின் அடித்து, வலது பக்கம் கீழ் மூலையில் டைட்டில் பிளாக் போடச் சொன்னார்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம். அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவன்தான் அளவு தப்பினால் பதில் சொல்லணும் என்று எங்கள் ட்ராயிங் சார் சொன்னது இன்றும் காதில் கிடக்கிறது. ஷாஃப்ட் முறிந்தால் லேத் ஓட்டினவனைத் தேடும் முன்னே கையெழுத்துக்காரனைத் தேடி வருவார்களாம்!

இந்தப் புத்தி மண்டையில் ஏறிப்போனதாலோ என்னவோ, போன கிறிஸ்மஸ் சமயத்தில் என் நண்பன் ஒருவன் செல்போனை நீட்டி, "இந்த கிட்டாரப் பாருடே, இதுதான் நான் வாங்கப் போறேன்" என்றபோது, 'இது யார் பெயரில் விற்கிறது, அந்த ஆளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அன்றைக்குத் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. தக்கலை பஸ் ஸ்டாண்டில், கேன்டீனில், லேப் ரெக்கார்டு எழுதும்போது என்று பேசித் தீராமல் இப்போது மலர் வரைக்கும் வந்துவிட்டது.

நண்பன் எலக்ட்ரானிக்ஸ் பிராஞ்ச். குலசேகரம் பக்கம் வீடு. அப்பா ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. நமக்கோ வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம்! இவன் ஞாயிற்றுக்கிழமை கோயில் கொயரில் கிட்டார் வாசிப்பான். கேரல் ரவுண்டிலும் கல்யாண ரிசப்ஷன்களிலும் எவனிடமாவது எலக்ட்ரிக் கிட்டார் இரவல் வாங்கி வாசித்து, ரெண்டு வருஷமாகச் சேர்த்த பைசா போஸ்டாபீசில் கிடக்கிறது. அடுத்த வருஷம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேரவும் அவனுக்கு ஆசை. பைசாவோ ஒன்று, ஆசை ரெண்டு.

அவன் காட்டிய கிட்டார், ஐபனீஸ் கம்பெனி ஸ்டீவ் வாய் என்ற அமெரிக்கக் கலைஞரின் பெயரில் 1987 முதல் விற்கிற 'ஜெம்' வரிசையில், இந்தோனேசியாவில் செய்யப்படும் விலை குறைந்த மாடல். விலை குறைந்தது என்றால் அவர்களுக்குக் குறைந்தது. நமக்கு அது ஒரு பழைய பைக்! வெள்ளை உடம்பு, கழுத்து நெடுக கொடி படர்ந்த வேலைப்பாடு, உடம்பிலேயே கை நுழைத்துத் தூக்குகிற மாதிரி ஒரு ஓட்டை. அவனுடைய அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன மக்கா, தூக்குவாளி மாதிரி பிடி வச்சிருக்கு?" என்று கேட்டார்களாம். சத்தியமாக எனக்கும் அதே சந்தேகம்தான்.

இதற்குத்தான் சிக்னேச்சர் மாடல் என்று பெயர். பேர்பெற்ற ஒரு கலைஞரின் பெயரைப் போட்டு, அவர் கேட்ட அளவில், அவர் கேட்ட உதிரிப் பாகங்களோடு ஒரு கம்பெனி செய்து நமக்கு விற்பது. இது இன்று நேற்று வந்த வியாபாரம் இல்லை. 1920களின் பிற்பகுதியிலேயே நிக் லூக்காஸ் என்ற பாடகர் பெயரில் கிப்சன் கம்பெனி கிட்டார் விற்றிருக்கிறது. ஆனால் உலகம் முழுக்க அறிந்த பெயர் என்றால் லெஸ் பால்தான்.

லெஸ் பால் கதையில் நமக்கு, அதாவது டைட்டில் பிளாக் போட்டுப் பழகின ஜாதிக்கு, ஒரு பாடம் இருக்கிறது. அந்த மனுஷன் 1941 வாக்கில் எபிஃபோன் கம்பெனிப் பட்டறையில் விடுமுறை நாளில் நுழைந்து, நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றில் நெக்கையும் பிக்கப்பையும் மாட்டி ஒரு கிட்டார் செய்தார். நல்ல சத்தம். ஆனால் பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இல்லையே! ஆகவே ஒரு சாதாரண கிட்டாரின் உடம்பை ரெண்டாக அறுத்து, கட்டையின் இருபக்கமும் சிறகு மாதிரி வைத்துக்கொண்டார். கிப்சனிடம் கொண்டுபோய்க் காட்டினார், வேண்டாம் என்றார்கள். 1950-இல் ஃபெண்டர் கம்பெனி கட்டைக் கிட்டாரைச் சந்தைக்கு விட்டதும்தான் கிப்சனுக்கு இவர் ஞாபகம் வந்தது. 1952-இல் 'லெஸ் பால்' மாடல் வெளிவந்தது. அதில் எவ்வளவு அவர் யோசனை, எவ்வளவு கம்பெனித் தலைவர் டெட் மெக்கார்ட்டி ஆட்களின் வேலை என்பதில் இரு தரப்பும் கடைசிவரை வேறுவேறாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது கிடக்கட்டும். 1961-இல் கம்பெனி அந்த கிட்டாரின் வடிவத்தையே மாற்றியது. மெலிந்த உடம்பு, ரெண்டு கொம்பு. பெயர் மட்டும் அதே 'லெஸ் பால்'! அவருக்கே அது பிடிக்கவில்லை. 1963-க்குப் பிறகு அவர் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டு எஸ்.ஜி. என்று விற்றார்கள்; பழைய வடிவம் அவர் பெயரோடு 1968-இல் திரும்பி வந்தது. நடுவில் உள்ள அந்த ரெண்டு வருஷத்தில் 'லெஸ் பால் கிட்டார்' என்று ஆசையாக வாங்கியவனை நினைத்துப் பாருங்கள். ஷீட்டை மாற்றிவிட்டு டைட்டில் பிளாக்கை மட்டும் பழையதிலிருந்து வெட்டி ஒட்டின மாதிரி! நம் ஹாலில் இப்படிச் செய்தால் ஷீட் ஜன்னல் வழியாகப் பறக்கும்.

எரிக் கிளாப்டன் செய்தது வேறு மாதிரி. அவர் 1970-இல் அமெரிக்காவில் நாஷ்வில் ஊரில் ஒரு கடையில் பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றைக் கழற்றி, ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் நெக் என்று பொறுக்கிச் சேர்த்து ஒரு கறுப்பு கிட்டார் பூட்டினார். அதுதான் 'பிளாக்கி'. இது நம்ம ஊர் மெக்கானிக் வேலை அல்லவா? மூன்று பழைய மோட்டாரிலிருந்து ஓடுகிற மோட்டார் ஒன்று எடுக்கிற வேலை! 1988-இல் ஃபெண்டர் முதன்முதலாக ஒரு கலைஞர் பெயரில் மாடல் விட்டபோது அது கிளாப்டன் பெயரில்தான் வந்தது. அதுவரைக்கும் சரி. ஆனால் 2006-இல் அந்த 'பிளாக்கி'யின் நகல்கள் என்று 275 கிட்டார் செய்தார்கள் பாருங்கள்... அசலில் இருந்த கீறல், பெயின்ட் உரிந்த இடம், தலைப்பக்கம் சிகரெட் சுட்ட கரி வரைக்கும் அப்படியே! நம் வொர்க்‌ஷாப்பில் ஜாபில் ஒரு கீறல் விழுந்தால் மார்க் போகும். அங்கே கீறலுக்குக் காசு!

இதைச் சொல்லி நான் சிரித்தபோது நண்பன் சிரிக்கவில்லை. "நீ பைசாவத்தான் பாக்கிய. எனக்க மனசு உனக்குத் தெரியாது. அந்த ஆளுக்க பேர் உள்ள கிட்டார் வீட்டுல இருந்தா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நான் பழகுவேன். கொயர் கிட்டார எடுத்தா எனக்கு ஒறக்கம் வருவு" என்றான்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஆசைக்கு ஒரு பலம் உண்டு. கிரிக்கெட்டில் பிடித்த ஆட்டக்காரன் ஸ்டிக்கர் ஒட்டின பேட்டைத் தூக்கினால் நமக்கும் ரெண்டு ரன் கூட வருவது மாதிரிதான் இருக்கும். பெயரை வாங்குகிறவனைப் பார்த்து முட்டாள் என்று சிரிக்கிற கூட்டத்தில் நான் சேர மாட்டேன்.

ஆனாலும் அவனுக்கு நான் சொன்னது ஒரு பிரிட்டிஷ் பையன் கதை. 1963-இல் பிரையன் மே என்று ஒருவன், வயது பதினாறு. ஃபெண்டர் கிட்டார் வாங்க ஆசை, வீட்டில் வசதி இல்லை. அப்பா ஹாரல்டு எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவர். அப்பாவும் மகனும் உட்கார்ந்து ரெண்டு வருஷம் கையால் ஒரு கிட்டார் செய்தார்கள். நெக்குக்கு யார் வீட்டிலோ கழித்துப்போட்ட பழைய கணப்படுப்பின் மேல்கட்டை. புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்களாம். உடம்புக்குப் பழைய ஓக் மேஜைப் பலகை. நெக்கில் வெள்ளைப் புள்ளிக்கு அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பி பட்டன். கம்பியை அசைத்து ஸ்வரத்தை நெளிக்கிற ட்ரெமோலோவுக்கு, கத்தி முனை மாதிரித் தீட்டிய எஃகுத் தகடும் பழைய மோட்டார் சைக்கிளின் ரெண்டு வால்வ் ஸ்பிரிங்கும். அதன் பிடி, சைக்கிள் சாமான் பையைத் தாங்குகிற கம்பி. பிடி முனைக்கு அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு! பிக்கப்பும் சொந்தமாகச் சுற்றிப் பார்த்தார்கள். சத்தம் திருப்தி இல்லை என்றதும் கடையில் வாங்கி மாட்டினார்கள். முடியாததை முடியாது என்று ஒத்துக்கொள்வதும் எஞ்சினியரிங்தானே?

அந்தப் பையன்தான் குவீன் குழுவின் கிட்டாரிஸ்ட். அதே கிட்டாரோடு 2002-இல் இங்கிலாந்து ராணியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரை மேல் நின்று வாசித்தார். கம்பியை மீட்டுவதும் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால். கிட்டார் செய்து கொடுத்த அதே அப்பா, மகன் ஆராய்ச்சிப் படிப்பை விட்டுப் பாட்டுக்குப் போனபோது மனசு ஒடிந்து போனார் என்பதும் இந்தக் கதையில் உண்டு. அப்பாக்கள் எந்த ஊரிலும் அப்பாக்கள்தான். விட்ட அந்த டாக்டர் பட்டத்தை மகன் 2007-இல் வாங்கினார்.

இப்போது அந்த கிட்டாரின் நகலும் அவர் பெயரில் கடையில் கிடைக்கிறது. காசு இல்லாத வீட்டில், பிறர் கழித்த கட்டையில் செய்த பொருளை, காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது! வாங்கட்டும், தப்பில்லை. அந்தக் கையெழுத்து நேர்மையான கையெழுத்து. வரைந்தவரும் அவரே, அறுத்தவரும் அவரே. அளவு தப்பினால் அவரிடமே கேட்கலாம்.

இது வெள்ளைக்காரன் கதை, நமக்கு என்ன என்று யாராவது கேட்பீர்கள். சரி, பக்கத்தில் வருவோம். மாண்டலின் ஸ்ரீனிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் ஆந்திராவில் பாலக்கொல்லில் பிறந்து, சென்னைக்கு வந்து, 2014-இல் நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்தவர். மாண்டலினில் கம்பிகள் ஜோடி ஜோடியாக நாலு ஜோடி. ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. அவர் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார், ஜோடியை ஒற்றையாக்கினார், ஐந்து கம்பி வைத்துக்கொண்டார். கர்நாடக சங்கீதம் அந்தக் கருவியில் உட்கார்ந்துவிட்டது. கருவியை மாற்றியது அவர் கைக்கும் அந்த சங்கீதத்துக்கும் இருந்த தேவை. பெயர் எழுதுவது பிறகு.

ஜான் மெக்லாஃப்லினும் அப்படித்தான். அவர் அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர். 1970களில் நம்ம கடம் விக்கு விநாயக்ராம், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் வாசித்தபோது, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சுரண்டி, சுருதிக் கம்பிகளும் சேர்த்து ஒரு கிட்டார் செய்து வாங்கினார். வீணையில் மெழுகின் மேல் மெட்டு உயர்ந்து நிற்கிறது அல்லவா, விரல் மரத்தில் முட்டாமல் கம்பியை இழுக்கலாம். அந்த வசதி கிட்டாருக்கும் வேண்டும் என்றுதான் அந்தச் சுரண்டல். 1988-இல் இங்வே மால்ம்ஸ்டீன் பெயரில் ஃபெண்டர் விட்ட மாடலிலும் இப்படிக் குழித்த நெக் உண்டு. கமகம் பழகுகிறவனுக்கு அது உதவும். ஆனால் கம்பியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே ஸ்வரம் ஏறிப்போகும். கொயரில் கார்டு பிடிக்கிறவன் அந்த மாடலை வாங்கினால் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

ஆக, என் கட்சி இதுதான். இன்னொருவன் கைக்கு வந்த நோய்க்கு எழுதின மருந்துச் சீட்டுதான் சிக்னேச்சர் மாடல். அதே நோய் உனக்கும் இருந்தால் வாங்கு. ஆசைக்காக வாங்குவதென்றாலும் வாங்கு, உன் பைசா. ஆனால் ஆசைக்குத்தான் வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கு. அதனால் வாசிப்பு வரும் என்று அப்பாவிடம் கணக்குச் சொல்லாதே.

1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரைக் கேட்காத தமிழன் உண்டா? கிட்டார் கையில் எடுத்தவன் எல்லாம் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தானே? வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஸ்கூலில் இருந்து வரிசையாகக் கூட்டிப் போனார்களே, பூமுகத்தின் மேல்கூரையில் தொண்ணூறு பூ, ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. எந்தத் தச்சர் செதுக்கினார் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

வழக்குக்குத் திரும்புகிறேன். கொயர் கிட்டாரை எடுத்தால் உறக்கம் வருகிறது என்றானே, அது ஏன் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அது எலக்ட்ரிக் இல்லை, சாதாரண அக்கூஸ்டிக். உறக்கம் இல்லை, விரல் வலி! பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே அளந்தால் நாலு மில்லி மீட்டர் இடைவெளி. மூன்று இருந்தால் சுகமாக இருக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அங்கே ஒரு மில்லி குறைய வேண்டுமென்றால், கம்பி உட்காருகிற சாடிலில் ரெண்டு மில்லி குறைக்கணும். ஒத்த முக்கோணம், பத்தாம் கிளாஸ் கணக்கு! சாடிலைக் கழற்றி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, சர்ஃபேஸ் பிளேட்டில் எமரி ஷீட் விரித்து நிதானமாகத் தேய்த்தேன். அரை மணி நேரம். செலவு, எமரி ஷீட்டும் ரெண்டு டீயும். அடுத்த நாள் ஆராதனை முடிந்ததும் வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அந்த கிட்டாரைக் கீழே வைக்காமல் வாசித்துக்கொண்டே இருந்தான். பிறகு, "கொள்ளாம்" என்றான். ஒரே வார்த்தை.

அதற்குப் பிறகும் ஜெம் ஆசை போகவில்லை. போகாது. செமஸ்டர் லீவில் ரெண்டு பேரும் திருவனந்தபுரம் போனோம். ஒரு கடையில் அதே வெள்ளை கிட்டார் இருந்தது. நான் முன்னேற்பாடாகப் பேப்பர் டேப் கொண்டு போயிருந்தேன். கடைக்காரரிடம் கேட்டு, மூன்று கிட்டாரின் தலைப்பக்கத்திலும் ஒட்டி, இவன் கண்ணையும் கைக்குட்டையால் கட்டினேன். அந்தக் கைப்பிடி ஓட்டையை எதைப் போட்டு மறைப்பது? "நெக்கை மட்டும் பிடி, கை கீழே போகக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கடைப் பையன்கள் எல்லாம் வேடிக்கை.

முதல் கிட்டாரைத் தள்ளிவிட்டான். ரெண்டாவதைப் பிடித்ததும், "இதுதான் மக்கா" என்றான். கண்ணைத் திறந்தால், ஜெம்! எனக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், மெலிந்த நெக், அவன் சின்ன விரலுக்கு எடுத்து வைத்த மாதிரி. ஆனால் மூன்றாவதைப் பிடித்தபோது கொஞ்ச நேரம் தடவிவிட்டு, "இதும் அதேதானே? ஒரே கிட்டார ரெண்டு தடவ தந்து பற்றிக்கியா?" என்று கேட்டான். அது அதே கம்பெனியின் ஆர்.ஜி. வரிசை. ஜெம் வந்த அதே 1987-இல், அதையே அடிப்படையாக வைத்து, பெயர் போடாமல் வந்த வரிசை. இப்போதும் வருகிறது. விலையில் நல்ல வித்தியாசம்.

இன்னொரு விஷயம், அவன் எலக்ட்ரானிக்ஸ் என்பதால் கவனிக்காதது. ஜெம்மில் பிரிட்ஜ் மிதக்கிற ஜாதி. ஒரு பக்கம் ஆறு கம்பியின் இழுவை, மறுபக்கம் ஸ்பிரிங்கின் இழுவை, நடுவில் சமநிலை. நம்ம மெக்கானிக்ஸ் பேப்பரில் வரும் அதே கணக்கு. ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும், பாக்கி ஐந்து கம்பியும் சுருதி ஏறிப்போகும். பாட்டு நடுவில் ஆலன் கீ தேடிக்கொண்டு நிற்கணும். ஸ்டீவ் வாய்க்கு மேடைக்குப் பின்னால் இன்னொரு கிட்டாரோடு ஆள் நிற்கும். இவனுக்கு நான்தான் நிற்கணும்! ஆர்.ஜி.யில் பிரிட்ஜ் அசையாத மாடலும் உண்டு. கடையில் இருந்தது அதுதான்.

ரெண்டையும் வாங்கவில்லை. பைசா இன்னும் போஸ்டாபீசில்தான் கிடக்கிறது, ஆர்.ஜி. வாங்கினால் முதல் செமஸ்டர் ஃபீசுக்கும் மிச்சம் வரும் என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டான். "ஆனாலும் அந்தக் கொடி நல்லாத்தான் இருந்து" என்று களியக்காவிளை தாண்டும்போது ஒரு தடவையும், மார்த்தாண்டத்தில் ஒரு தடவையும் சொன்னான்.

தக்கலையில் இறங்கினதும் திடீரென்று கேட்டான்: "போன வாரம் கொயர் கிட்டாருக்குக் கம்பி மாத்தினேன். சாடிலுக்க அடியில பென்சில்ல என்னமோ எழுதியிருக்கே, உனக்க வேலையா?"

என் இனிஷியலும், தேய்த்த தேதியும், ரெண்டு மில்லி என்ற அளவும். வேறு யார் வேலையாக இருக்கும்?